கிரேக்கக் கோடைச் சாப்பாடும் தொட்டியில் வளரும் வாசனை இலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸின் கிப்ஸெலி பகுதியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் மூன்று கோடைகாலம் இருந்தேன். அங்கே எனக்குச் சமையல் சொல்லித் தந்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. கிரீட் தீவுக்காரர். இப்போது கோயம்புத்தூரில் மொட்டைமாடியில் பதினாறு தொட்டிகள் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லேசான சாப்பாடு என்கிறீர்கள். ஆனால் ஒரு கிலோ பீன்ஸுக்கு 150 மில்லி எண்ணெய் ஊற்றச் சொல்கிறீர்களே?

இந்தச் சண்டையை முதலிலேயே முடித்துவிடலாம். கிரேக்கர்கள் எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், உலகிலேயே மிக அதிகமாக ஆலிவ் எண்ணெய் சாப்பிடுகிறவர்களில் அவர்கள் முன்வரிசை. எண்ணெயில் வெந்த காய்கறிகளுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: லாதெரா. ‘லாதி’ என்றால் எண்ணெய்.

அப்படியிருந்தும் அதைச் சாப்பிட்டு எழுந்தால் வயிறு கனப்பதில்லை. தாளிப்பு இல்லை, காரம் இல்லை, மசாலா இல்லை. எலுமிச்சையோ தக்காளியோ கொடுக்கிற புளிப்பு உண்டு. சூடாகப் பரிமாறுவதில்லை, அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். இதையெல்லாம் விட முக்கியமானது பச்சை இலை. நாம் கொத்தமல்லியை மேலே தூவுகிறோம், அவர்கள் பார்ஸ்லியைக் கட்டுக் கட்டாக உள்ளே போடுகிறார்கள். கீரைக்கும் வாசனை இலைக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் கோடு அங்கே அவ்வளவு அழுத்தமாக இல்லை. கடையில் பத்து கிராம் பொட்டலம் வாங்கி இந்தச் சமையல் ஆகாது என்பதற்கும், தொட்டியில் வளர்க்கச் சொல்வதற்கும் காரணம் அதுதான்.

எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்கள் குறைத்துக்கொள்ளலாம். 80 மில்லியிலும் பீன்ஸ் வேகும், ஆனால் அது வேறு பண்டம்.

எந்தெந்தச் செடிகள் கட்டாயம் வேண்டும்?

நான்கு போதும்: ஆரிகானோ, புதினா, பார்ஸ்லி, சதகுப்பை. ஆரிகானோவை அங்கே ‘ரீகனி’ என்பார்கள். சதகுப்பை என்றால் டில். ‘சோம்பு இலை மாதிரி இருக்குமே, அதுவா?’ என்று கேட்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும், மணம் வேறு. அதன் விதை நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. பழைய சரக்காக இல்லாவிட்டால் முளைக்கவும் செய்யும். என் முதல் சதகுப்பை அப்படி முளைத்ததுதான்.

தைம், ரோஸ்மேரி இரண்டும் இருந்தால் நல்லது, ஆனால் கோடைச் சாப்பாட்டில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. வறுத்த இறைச்சிக்குத்தான் அவை. பிரிஞ்சி இலையும் அங்கே உண்டு என்றாலும் நம் கடைகளில் பிரிஞ்சி என்று விற்பது லவங்கப்பட்டையின் உறவு, கிரேக்கர்களின் லாரல் இலை வேறு மரம். பருப்பு வேகும்போது ஒன்று போடலாம், அவ்வளவுதான்.

ஏதென்ஸுக்குப் போன முதல் வாரம் கொத்தமல்லி என்று நினைத்து பார்ஸ்லி வாங்கி வந்து ரசத்தில் போட்டுவிட்டேன். அந்த ரசத்தைப் பற்றி வீட்டில் இன்றுவரை பேசுகிறார்கள்.

பேசில் இல்லாமல் கிரேக்கச் சமையலா?

இது இத்தாலியையும் கிரேக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிற கேள்வி. கிரேக்க வீடுகளின் வாசலிலும் ஜன்னலிலும் பேசில் இல்லாத இடமே கிடையாது. பழைய ஆலிவ் எண்ணெய் டின்னுக்கு வெள்ளையோ நீலமோ பூசி, அதில் சின்னச் சின்ன இலையோடு பந்து போல வளர்த்திருப்பார்கள். போகிற போக்கில் கையால் தடவி முகர்ந்து பார்ப்பார்கள். கொசு வராது என்பார்கள். பழைய சமையலில் மட்டும் அதற்கு அதிக இடமில்லை. செப்டம்பர் 14 அன்று, சிலுவையை உயர்த்திய திருநாளில், தேவாலயத்தில் பாதிரியார் அதைக் கையில் கொடுப்பார். துளசி மாடத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் ஏதோ பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் பேசில் இனமே. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதன் விதைதான். ஒரு பிடி சப்ஜாவை மண்ணில் தூவினால் பத்து நாளில் செடி வரும். தக்காளி சாலட்டில் நான்கு இலை கிள்ளிப் போட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை, இப்போதைய ஏதென்ஸ் உணவகங்களிலும் போடுகிறார்கள். பழைய வழி என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கற்பூரவல்லியை ஆரிகானோவுக்குப் பதிலாகப் போடலாமா?

இரண்டும் வேறு வேறு செடிகள், ஆனால் மணத்தில் உறவு உண்டு. கிரேக்க ஆரிகானோவின் காரமான வாசனைக்கு முக்கியக் காரணம் கார்வக்ரால் என்ற பொருள். கற்பூரவல்லி எண்ணெயிலும் அது இருக்கிறது. ஓமத்தில் இருக்கும் தைமால் அதன் பங்காளி. அதனால்தான் கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்றும் பெயர், வெளிநாட்டில் கியூபா ஆரிகானோ என்றும் பெயர்.

பிரச்சினை இலையின் உடம்பில்தான். கற்பூரவல்லி தடிப்பானது, நீர் நிறைந்தது. சாலட்டில் பச்சையாகப் போட்டால் இருமல் மருந்து குடிப்பது போலிருக்கும். மீனுக்கான எலுமிச்சை எண்ணெயில் ஒரே ஒரு இலையை மிகப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறேன், பரவாயில்லை. மற்றதற்கெல்லாம் உலர்ந்த ஆரிகானோவே நல்லது. பீட்சாவோடு வரும் பொட்டலத்தை எடுத்து வைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம், தப்பில்லை.

வீட்டில் ஆரிகானோ இருக்கும்போது எதற்கு உலர்ந்தது? பச்சை இலைதானே உசத்தி?

இந்த ஒரு இலைக்கு மட்டும் அது பொருந்தாது. கிரேக்கர்கள் ஆரிகானோவை ஏறக்குறைய எப்போதும் உலர்த்தித்தான் பயன்படுத்துகிறார்கள். பச்சையாக இருக்கும்போது அதில் ஒரு புல் கசப்பு இருக்கும். காய்ந்தால் அது அடங்கி மணம் திரளும்.

அங்கே ஜூன், ஜூலையில் பூ விரியும் சமயத்தில் மலைச்சரிவுகளில் காம்போடு வெட்டி, கட்டாகக் கட்டி, தலைகீழாக நிழலில் தொங்கவிடுவார்கள். சந்தையில் பூவும் காம்புமாகப் பெரிய துடைப்பம் போலக் கிடைக்கும். தேவையானபோது சாலட்டுக்கு மேலே பிடித்து உள்ளங்கையால் கசக்க வேண்டும். கசக்கும்போது எழுகிற மணத்துக்காகவே பாட்டி அதைப் பொடியாக வாங்க மாட்டார்.

நாம் செய்யும்போது: மொட்டு கட்டியதும் தண்டில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டுங்கள். கழுவினால் நன்றாக ஈரம் துடையுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் தொங்க விடுங்கள். இலை நொறுங்க வேண்டும். நொறுங்காமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஜாடியில் போட்டால் பூஞ்சை வந்துவிடும்.

என் ஆரிகானோவும் தைமும் செத்துக்கொண்டே இருக்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?

அதுதான் காரணம்.

கிரேக்கத்தில் கோடையில் மழை கிடையாது என்றே சொல்லலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும். ஏஜியன் தீவுகளில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று போட்டு அடிக்கும். மண் என்று பார்த்தால் பாதிக்குப் பாதி கல். அந்தச் சுண்ணாம்புச் சரிவில் வளர்கிற செடிகள் இவை. பட்டினி போட்டால்தான் மணக்கும். உரமும் தண்ணீரும் கொடுத்துச் செல்லமாக வளர்த்தால் இலை பெரிதாகும், வாசனை இருக்காது, பிறகு வேர் அழுகும்.

மண் பாதி, ஆற்று மணலோ பொடிக் கல்லோ பாதி, ஒரு கை தொழு உரம். மண் தொட்டி நல்லது. விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில். மழைக்காலத்தில் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள், ஐப்பசி அடைமழையில் என்னிடம் இரண்டு தைம் செடிகள் போய்ச் சேர்ந்தன. சென்னையின் ஈரக் காற்றில் தைம் வளர்ப்பது பெரிய பாடு. ஆரிகானோ கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

புதினாவுக்கு இதற்கு நேர்மாறு: ஈரம், அரை நிழல், கொழுத்த மண். ஆனால் தனித் தொட்டியில் வையுங்கள். மற்ற செடியோடு வைத்தால் ஒரே மாதத்தில் அதன் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த காம்பாகப் பார்த்து நட்டாலே போதும், விதை தேட வேண்டாம்.

பார்ஸ்லி முளைக்கவே மாட்டேன் என்கிறது.

முளைக்கும், பொறுமை வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு இரவு ஊற வைத்து விதைத்தால் கொஞ்சம் சீக்கிரம். சதகுப்பையை நேரே தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள், ஆணிவேர் செடி என்பதால் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். சூடு ஏறினால் இரண்டுமே பூவுக்கு ஓடும், சதகுப்பை மின்னல் வேகத்தில் ஓடும். எனவே நம் ஊரில் இவற்றை ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் விதைப்பதுதான் சரி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. நம் கோடையில் சதகுப்பை கிடைக்காது. அப்போது புதினாவை வைத்துச் சமாளிக்கலாம். கிரேக்கர்களே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றிப் போடுகிறவர்கள்தான்.

உண்மையான கிரேக்க சாலட்டில் என்னென்ன இருக்கும்?

லெட்யூஸ் இருக்காது. அதை முதலில் எடுத்து வையுங்கள். ஹொரியாட்டிகி என்றால் ‘கிராமத்து சாலட்’. நன்கு பழுத்த தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடமிளகாய், ஆலிவ் காய்கள், மேலே ஒரே துண்டாக ஃபெட்டா என்ற உப்புநீரில் ஊறிய பாலாடைக்கட்டி, அதன் மேல் கசக்கிய ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய், உப்பு. வினிகர் சிலர் விடுவார்கள், சிலர் விட மாட்டார்கள். ஃபெட்டாவை உதிர்த்துத் தூவ வேண்டாம். சாப்பிடுகிறவர் முள்கரண்டியால் பிட்டுக்கொள்ளட்டும்.

தக்காளியைப் பொடியாக நறுக்காமல் கோணல்மாணலாகப் பெரிதாக வெட்டுங்கள். உப்பைத் தக்காளி மேல் முதலில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் சாறு விடும். அந்தச் சாறும் எண்ணெயும் ஆரிகானோவும் தட்டின் அடியில் சேர்ந்து நிற்கும். அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதற்கு ‘பப்பாரா’ என்று பெயர். சாலட்டே இந்தப் பப்பாராவுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு கிரேக்கத்தனம் பேசுகிறோம், தக்காளி அங்கே போய்ச் சேர்ந்ததே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நம் சாம்பாரில் மிளகாய் மாதிரிதான்.

ஃபெட்டா கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டுப்படியாகவில்லை. பன்னீர் போடலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கத்துக்கே உரியது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 2005இல் ஐரோப்பிய நீதிமன்றமும் கிரேக்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், உப்புநீரில் இரண்டு மாதமாவது ஊற வேண்டும். அந்தப் புளிப்பும் ஆட்டுப்பால் மணமும் பன்னீரில் வராது.

வராது என்று தெரிந்தே ஒன்று செய்கிறேன். கெட்டியாக அழுத்திய பன்னீரைத் தடித்த துண்டுகளாக்கி, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு, பாதி எலுமிச்சைச் சாறு, தயிரில் தெளிந்து நிற்கும் நீர் கால் டம்ளர் சேர்த்து, அதில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் இரண்டு நாள். உப்பும் லேசான புளிப்பும் ஏறும். சாலட்டில் தாராளமாகப் போகலாம். இதை ஃபெட்டா என்று சொல்லி ஒரு கிரேக்கருக்கு மட்டும் பரிமாறாதீர்கள்.

தயிர் வெள்ளரிப் பச்சடி, அதாவது சாட்சிகி, எனக்கு எப்போதும் நீர்த்துப் போகிறது. ஏன்?

தயிரையும் பிழியவில்லை, வெள்ளரியையும் பிழியவில்லை, வேறொன்றுமில்லை. ஒரு கிலோ கெட்டித் தயிரை வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, ஃபிரிட்ஜில் ஒரு இரவு விட்டால் பாதியாகிவிடும். அந்தப் பாதிதான் வேண்டும். புளித்த தயிர் ஆகாது, அன்று உறைந்ததாக இருக்கட்டும். இரண்டு வெள்ளரியைத் துருவி, அரைக் கரண்டி உப்பில் பத்து நிமிடம் வைத்து, கை வலிக்கப் பிழியுங்கள். அரைத்த பூண்டு இரண்டு பல், வினிகர் ஒரு மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் மூன்று, பொடியாக நறுக்கிய சதகுப்பை இலையோ புதினாவோ ஒரு கைப்பிடி. ஒரு மணி நேரமாவது குளிரட்டும், பூண்டு அப்போதுதான் பரவும்.

நம் தயிர்ப் பச்சடியில் கடுகு தாளிக்கிற இடத்தில் இங்கே பச்சை எண்ணெய். கையைக் கட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், தாளிக்காதீர்கள்.

கீரை சாப்பிடுவார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கோடையில் ஏதென்ஸ் சந்தையில் மலை போலக் குவிந்திருக்கும் ‘வ்லீத்தா’வைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நம் தண்டுக்கீரை, குப்பைக்கீரை குடும்பமேதான். வேரை வெட்டிவிட்டு, இளம் தண்டோடு உப்புத் தண்ணீரில் எட்டுப் பத்து நிமிடம் வேக வைத்து, நீரை வடித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றுவார்கள். கூடவே முழுதாக வெந்த சின்னச் சுக்கினியும் உருளைக்கிழங்கும் இருக்கும். பக்கத்தில் பொரித்த சின்ன மீன். மதியச் சாப்பாடு முடிந்தது. வடித்த நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்களும் உண்டு.

பருப்பும் இல்லை, தேங்காயும் இல்லை, மிளகாய் கிள்ளிப் போடவும் இல்லை. ‘இதென்ன பத்தியச் சாப்பாடு’ என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் நானே இரண்டு கட்டு வாங்கினேன்.

இன்னொன்று க்ளிஸ்த்ரீதா. நாம் பருப்புக்கீரை என்று மசித்துச் சாப்பிடுவது. அங்கே அதைப் பச்சையாகத் தக்காளி சாலட்டில் போடுகிறார்கள், அல்லது தயிரோடு பிசைகிறார்கள். லேசான புளிப்பு, நறுக்கென்ற கடி. இதைத் தனியாக வளர்க்கக்கூடத் தேவையில்லை, தொட்டியில் தானாக முளைத்து நிற்கும். களையென்று பிடுங்கி எறியுமுன் இலையை நன்றாகப் பாருங்கள். அதே மாதிரி தரையில் படரும் சில களைகளை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும், அவற்றைத் தொடாதீர்கள். பருப்புக்கீரையில் பால் வராது.

வெண்டைக்காயை வழவழப்பில்லாமல் கிரேக்கர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

கிரேக்கர்களுக்கு அது பாமியெஸ். விரல் நீளம்கூட இல்லாத பிஞ்சாகத்தான் வாங்குவார்கள். காம்பை மட்டும் பென்சில் சீவுவது போலக் கூம்பாகச் சீவ வேண்டும், காயின் உள்ளறை வெளியே தெரியக் கூடாது. அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகரும் ஒரு கரண்டி உப்பும் பிசிறி வெயிலில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, கழுவித் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு வெங்காயம், துருவிய தக்காளி, எண்ணெய், பார்ஸ்லியோடு மூடி வேக விடுவார்கள். கரண்டியே போடக் கூடாது, பாத்திரத்தைப் பிடித்து ஆட்டினால் போதும். நாம் மோர் விட்டு வதக்குவதும் இதே புளிப்பு வித்தைதான்.

தக்காளியைத் துருவுவது பற்றி ஒரு வார்த்தை. குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காய்த் துருவியில் தேயுங்கள். சதை கீழே விழும், தோல் கையில் நிற்கும். கொதிநீரில் போட்டுத் தோலுரிக்கிற வேலையே மிச்சம்.

பீன்ஸ் லாதெராவுக்குப் பக்குவம் எப்படித் தெரியும்?

கிரேக்கர்கள் ‘அதன் எண்ணெயோடு நிற்க வேண்டும்’ என்பார்கள். நாம் ‘எண்ணெய் பிரிந்து வர வேண்டும்’ என்கிறோமே, அதே. ஒரு கிலோ பீன்ஸ், இரண்டு வெங்காயம், ஐந்து தக்காளி, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கட்டு பார்ஸ்லி, முதலில் சண்டை போட்டோமே அந்த 150 மில்லி எண்ணெய். தண்ணீர் முழுக்கச் சுண்ட ஐம்பது நிமிடம் ஆகும். பீன்ஸ் பச்சைப் பசேலென்று இருக்கக் கூடாது, ஆலிவ் நிறத்துக்கு வந்து குழைய வேண்டும். முக்கால் பங்கு இலையை நடுவிலும், மீதியை அடுப்பை அணைத்த பிறகும் போடுங்கள்.

பிறகு ஆற வேண்டும். காலை எட்டு மணிக்குச் செய்து இரண்டு மணிக்குச் சாப்பிடுவார்கள். 40 டிகிரியைத் தாண்டும் நாளில் மதியம் அடுப்பு பக்கம் யார் போவது? சமையல் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டுமே தவிர, நீங்கள் அதற்காக வேர்த்து நிற்கக் கூடாது என்பது அந்த ஊர் நியாயம்.

நம் ஊர்ச் சூட்டில் அப்படி வெளியே வைக்கலாமா?

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். அரிசி சேர்ந்தவற்றில் இன்னும் கவனம் தேவை.

அப்புறம், பூண்டையும் பச்சை இலைகளையும் அழகான பாட்டிலில் எண்ணெய்க்குள் மிதக்கவிட்டு அலமாரியில் வைக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். காற்றும் புளிப்பும் இல்லாத அந்த எண்ணெய்க்குள் போட்யூலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. இலை மிஞ்சினால் நறுக்கி ஐஸ் தட்டில் எண்ணெய் ஊற்றி உறைய வையுங்கள்.

யெமிஸ்தா செய்ய ஓவன் கட்டாயமா?

யெமிஸ்தா என்றால் ‘நிரப்பியவை’. தக்காளியையும் குடமிளகாயையும் குடைந்து அரிசி அடைத்து வேக வைப்பது. இறைச்சி சேர்க்காததற்கு ‘ஒர்ஃபனா’ என்று பெயர், ‘அனாதைகள்’ என்று பொருள். எனக்கு அனாதைகள்தான் பிடிக்கும். முன்பு வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் தட்டைத் தெருமுனை ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொடுத்தனுப்பி, மதியம் வாங்கி வருவார்களாம். பாட்டி சின்ன வயதில் வழியிலேயே ஒரு உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு அடி வாங்கிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

எட்டு பெரிய தக்காளி. மேல்பக்கத்தை மூடி போல வெட்டி, உள்சதையைக் கரண்டியால் எடுத்து நறுக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிட்டிகை உப்பும் சர்க்கரையும். இரண்டு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, 150 கிராம் பச்சரிசி போட்டுப் பிரட்டி, தக்காளிச் சதையில் பாதியை ஊற்றி ஐந்து நிமிடம். இறக்கி, ஒரு கட்டு பார்ஸ்லி, அரைக் கட்டு புதினா, கொஞ்சம் சதகுப்பை. உப்பும் மிளகும். பாஸ்மதி வேண்டாம், உதிரி உதிரியாக நின்றுவிடும். குட்டையான, ஒட்டுகிற அரிசிதான் இதற்குச் சரி. முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், அரிசி ஊதும். இடையிடையே உருளைக்கிழங்குத் துண்டு செருகி, மீதிச் சதையையும் 100 மில்லி எண்ணெயையும் ஊற்றி, 180 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம்.

ஓவன் இல்லையா? அகலமான கனத்த பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, மூடி, மிகச் சிறு தீயில் ஐம்பது நிமிடம். மேலே கருகிய ஓரம் வராது, மற்றபடி குறையில்லை.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இதில் எவ்வளவு தேறும்?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். கிரேக்கர்களின் ஆர்தொடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முன்னால் 1 முதல் 14 வரை விரதம். இறைச்சி, பால், முட்டை கிடையாது. கோடைக் காய்கறிகள் கொட்டிக் கிடக்கும் அதே நாட்கள். லாதெரா இத்தனை வகையாகப் பெருகியதில் இந்த விரதங்களுக்கும் பங்குண்டு. இன்றைய வீகன்காரர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பருப்பும் உண்டு. ஃபாவா என்பது அங்கே மொச்சை அல்ல, மஞ்சள் பருப்பை மசித்த மசியல். சாந்தோரினித் தீவின் ஃபாவா பெயர் பெற்றது. அது நம் கேசரிப் பருப்பின் உறவுக் கொடி. வீட்டில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு 250 கிராம், ஒரு வெங்காயம், முக்கால் லிட்டர் தண்ணீர், குழையும் வரை நுரையெடுத்து வேக விட்டு, எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுக் கடையுங்கள். மேலே பச்சை வெங்காயமும் ஆரிகானோவும். சூட்டில் தளர்வாக இருக்கும், ஆறினால் கெட்டிப்படும்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விடலாமா?

விட்டால் நல்லெண்ணெய் மணக்கும், மற்ற எதுவும் மணக்காது. செலவு பார்ப்பவர்கள் வேக வைப்பதற்கு மணமில்லாத கடலை எண்ணெய் பாதி, இறக்கிய பின் ஆலிவ் எண்ணெய் பாதி என்று பிரிக்கலாம். சாலட்டுக்கு மட்டும் சமாதானம் கிடையாது. ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்றிருப்பதைச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்து வைத்துப் பழசானால் வீண்.

மீனுக்கு என்ன மசாலா?

ஒன்றுமில்லை. உப்புத் தடவிக் கரியில் சுட்டு, மேலே லாதோலெமோனோ: மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, ஆரிகானோ, ஒரு குப்பியில் போட்டு வெள்ளையாகும் வரை குலுக்க வேண்டும். மீன் பழசாக இருந்தால் இந்த வழியில் மறைக்க முடியாது, குழம்பு வைத்துவிடுங்கள்.

வெயில் நாளில் அடுப்பே பற்றவைக்காமல் ஏதாவது?

தர்பூசணியும் ஃபெட்டாவும். கோடையில் பாதிக் கிரேக்கத்தின் இரவு உணவு இதுதான் என்று தோன்றும். நான்கு புதினா இலை கிள்ளிப் போடலாம்.

இல்லையென்றால் கிரீட்டின் தாகோஸ். பார்லி ரஸ்க்கைக் குழாய் நீரில் இரண்டு நொடி காட்டி, துருவிய தக்காளி, உதிர்த்த பாலாடைக்கட்டி, ஆரிகானோ, எண்ணெய். நம் டீக்கடை ரஸ்க் இனிக்கும், அது உதவாது. கோதுமை ரொட்டித் துண்டுகளைத் தோசைக்கல்லில் மெல்லிய தீயில் கட்டையாகும் வரை காய வைத்தால் ஒப்பேறும்.

இதைச் சாப்பிட்டால் உடம்பு குறையுமா, கொழுப்பு குறையுமா?

1958இல் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரீட் தீவின் கிராமத்து ஆண்களும் இருந்தார்கள். அவர்களிடையே இதய நோய்ச் சாவு மிகக் குறைவாக இருந்ததிலிருந்துதான் இந்தச் சாப்பாட்டுக்கு உலகப் பெயர். 2010இல் யுனெஸ்கோவும் மத்தியதரைக்கடல் உணவு முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, கிரேக்கத்தின் சார்பில் கொரோனி என்ற ஊர். ஆனால் அந்தக் கிராமத்து ஆண்கள் நாள் முழுக்க வயலில் நின்றவர்கள், இறைச்சி வாங்க வசதியில்லாதவர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாம் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்வது கணக்கில் வராது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஃபெட்டாவின் உப்பையும் மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி போட்டால் கெட்டுப்போகுமா?

கிரேக்க நாட்டில் அவ்வளவாகப் போடுவதில்லை. சைப்ரஸ் கிரேக்கர்கள் தாராளமாகப் போடுகிறார்கள், சாலட்டிலேயே. ‘இது சைப்ரஸ் முறை’ என்று சொல்லிவிட்டால் போயிற்று.

இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் காம்புகளை என்ன செய்வது?

பார்ஸ்லிக் காம்பில் இலையை விட மணம் அதிகம். பொடியாக நறுக்கி வெங்காயத்தோடே வதக்குங்கள். சதகுப்பைக் காம்பைப் பருப்பு வேகும்போது நூலில் கட்டிப் போட்டு, பிறகு எடுத்துவிடலாம். ஆரிகானோவின் காய்ந்த குச்சிகளைப் பாட்டி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். மீன் சுடும் நாளில் அவற்றைக் கரி மேல் போடுவார். அந்தப் புகை மூன்றாவது மாடிக்கு ஏறி வரும், நானும் எலுமிச்சையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன்.